லேபிள் உரித்த சரக்கு

அந்தக் கேள்வியை மட்டும் என்கிட்ட கேட்காதீங்கண்ணே. பாண்டிச்சேரியில் ஏன் சரக்கு விலை கம்மி, திருக்கோவிலூரில் ஏன் அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் கேட்க வேறு கேள்வியா இல்லை? மழை வருமா என்று கேளுங்க. நான் பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறவன், ரிசல்ட் என்ன ஆகும் என்றுகூடக் கேளுங்க, சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். இது வேண்டாம். இந்த விலையால்தான் என் அக்கா வாழ்க்கை நடுரோட்டுக்கு வந்து நிற்குது.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, பச்சைப் புடவை, மடியில் குழந்தை. அதுதான் அக்கா. பிரமிளா. பார்க்காதீங்க, திரும்பினால் நான் தொலைந்தேன். காலையில் கிளம்பினதிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. பஸ் ஏறும்போது மட்டும் போனை என் கையில் திணித்து, "மாமா அடிச்சா எடுக்காத" என்றாள். அவ்வளவுதான். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், தணிகைவேல். தங்கமான மனுஷன். நேற்று மத்தியானம் வரைக்கும் தங்கம்.

காரணமா? காரணம் எனக்குத் தெரியாமலா? எத்தனை பேரைக் கேட்டிருக்கேன். எங்கள் வில்லியனூர் ஒயின்ஷாப்பில் பில் போடுகிற அண்ணன் மூக்காலேயே பேசுவார். "வரி தம்பி, வரி. பாட்டிலுக்குள்ள இருக்கிறது ஒண்ணுதான். பாட்டில் மேல ஏறி உக்காந்திருக்கிறதுதான் ஊருக்கு ஊர் வேற. அவங்க அரசாங்கம் அவங்க வரி, நம்ம அரசாங்கம் நம்ம வரி." எங்கள் காமர்ஸ் சாரிடம் கேட்டேன். அவருக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஏப்பம் வேண்டும். "ஒவ்வொரு மாநிலமும்... தன் கஜானாவுக்குத் தகுந்த மாதிரி... ஏன்டா, இது எதுக்கு உனக்கு, அப்பா போன் நம்பர் குடு." சித்தப்பா கோதண்டம்தான் இதில் பெரிய ஆராய்ச்சி. அவர் பேசினால் முன்னால் நிற்கிறவன் குடை பிடிக்கணும். "டேய், பீச் பக்கம் வாங்கினா ஒரு விலை, அங்க வர்றவன் கூலிங்கிளாஸ் போட்டிருக்கான். ரோட்டோரக் கடையில ஒரு விலை, லாரிக்காரன் சண்டைக்கு வருவான். பெங்களூர்ல ஒண்ணு, மாஹேல ஒண்ணு. தான் எந்த ஊர்ல இருக்கோம்னு சரக்குக்குத் தெரியுமாடா?"

பாருங்க, சிரிக்கிறீங்க. எல்லோரும் சிரிப்பாங்க. எங்கள் தெருவில் என் பெயர் டப்பிங். புவனேஷ் என்று கூப்பிட்டால் எனக்கே திரும்பத் தோன்றாது. ஒரு ஆளோடு ஒரு டீ குடிக்கிற நேரம் பேசினால் போதும், குரல் வந்துவிடும். ஹெட்மாஸ்டர் குரலில் பி.டி. சாருக்குப் போன் போட்டு கிரவுண்டில் புல் பிடுங்க வைத்திருக்கேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா குரலில் பால்காரரிடம் தினம் கால் லிட்டர் கூட ஊற்றச் சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன். இன்றைக்குத்தான் தொண்டை ஒத்துழைக்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிறவரை கரும்புக் கொல்லைக்குள் உட்கார்ந்திருந்தேன். கரும்புத் தோகை குத்தல், கொசு. கையைப் பாருங்க. அலுத்துப்போச்சுண்ணே.

சரி, கேட்டுட்டீங்க. சொல்றேன்.

அக்காவோட மாமனார் நடேசன் இறந்துட்டார். சர்க்கரை, கால் புண், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. நல்ல சாவுதான் என்றார்கள். நேற்று கருமாதி. உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது, எங்கள் ஜனத்தில் கருமாதிச் சடங்கு முடிந்ததும் மருமகள் வீட்டுக்காரங்க கறிச்சோறு போடணும். செத்தவர் பங்காளிங்க எல்லோருக்கும். கறிச்சோறு என்றால் கறியும் சோறும் மட்டும் இல்லை என்று உங்களுக்கே புரியும். பத்திரிகையில் போட மாட்டாங்க, பொம்பளைங்க வாயில் சொல்ல மாட்டாங்க, ஆனால் பாட்டில் குறைந்தால் அந்தப் பொண்ணு தலை நரைக்கிற வரைக்கும் பேசுவாங்க. "உங்க அப்பன் எங்க அண்ணன் கருமாதிக்கு ஊத்தினது எங்களுக்கு ஞாபகம் இருக்கு" என்று.

பேசுகிறவர் யார் தெரியுமா? செத்தவரின் தம்பி கலியமூர்த்தி. அக்காவுக்குச் சின்ன மாமனார். கல்யாணத்தில் ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னவர், இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கார். தகரத்தில் ஆணி போட்டுக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல். அதனால்தான் அப்பாவுக்குப் பயம். அக்கா போனில், "அப்பா, வேற எது குறைஞ்சாலும் பரவால்ல, அந்த மனுஷன் வாயில மட்டும் என்னை விட்டுடாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

அக்கா ஊர் திருக்கோவிலூரிலேயே வாங்கினால் அப்பா வண்டியை விற்கணும். எங்கள் பாண்டிச்சேரியில் வாங்கினால் வண்டி மிஞ்சும். விலை அப்படி. சித்தப்பா சொன்னார், இங்கேயே வாங்கிடலாம். அப்பா ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினார். லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கு, புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு. "கலியமூர்த்தி இதைப் பார்த்தான்னா போச்சுடா. சம்பந்தி சல்லிசுச் சரக்கை ஊத்தி எங்க அண்ணனை அனுப்பினான்னு ஊர் பூரா தண்டோரா போடுவான்."

அப்போது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. சித்தப்பாவுக்கு யோசனை வந்தால் நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போயிடணும்ணே, ஆனால் போகலை. லேபிளை உரிச்சுட்டா எந்த ஊர் சரக்குன்னு யாருக்குத் தெரியும்?

கல்யாண அண்டாவை இறக்கினார்கள். தண்ணீர் ஊற்றி, பாட்டிலை எல்லாம் அதில் ஊறப் போட்டார்கள். அப்புறம் நாரும் கையுமாக நாங்கள் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து தேய்த்தோம். மூடி மேல் ஒட்டின ஸ்டிக்கரில்கூட பாண்டிச்சேரி என்று இருந்தது, அதையும் சுரண்டினோம். அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த வீட்டு ஆம்பளைங்க பாத்திரம் விளக்கி நான் பாத்ததே இல்ல. இன்னிக்குத்தான் கண்ணு நிறைஞ்சுது." நான் அதையே அம்மா குரலில் திருப்பிச் சொன்னேன். அம்மாவுக்கே சிரிப்பு தாங்கலை.

பாட்டில் எல்லாம் பளபளவென்று இருந்தது. பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், அப்போதுதான் பிறந்த மாதிரி.

வேனில் ஆளுக்கு இரண்டு என்று பைக்குள், தட்டுக்கு அடியில், வாழைத்தாருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினோம். எல்லையில் போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் பின்சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் பெரியம்மா குரலில் ஒரு ஒப்பாரி எடுத்தேன். பெரியம்மா வேனிலேயே இல்லை, அது வேறு விஷயம். "கருமாதிக்குப் போறோம் சார்" என்றார் சித்தப்பா. அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "போங்கம்மா, மனசைத் தேத்திக்கங்க" என்றார். வேனே சிரிப்பில் குலுங்கியது. அப்பா என் முதுகில் தட்டினார். என் அப்பா என் முதுகில் தட்டினது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்ணே. இதையும் கணக்கில் வெச்சுக்கங்க. அப்போ நல்லா இருந்த வாய், அப்புறம் மட்டும் எப்படிக் கெட்ட வாய் ஆகும்?

சடங்கு எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. அத்தைக்கு, அதாவது செத்தவர் வீட்டம்மாவுக்கு, தாலி வாங்கி உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். பந்தி வீட்டுக்குப் பின்னால், மோட்டார் கொட்டகை பக்கம் மாந்தோப்பில். பாயை விரித்து பங்காளிங்க உட்கார்ந்தாச்சு. கறி வாசனை. அப்பாவும் சித்தப்பாவும் பாட்டிலைக் கொண்டுபோய் வரிசையாக வைத்தார்கள். அத்தனை பேர் முகமும் மலர்ந்தது. நான் பார்த்தேன். கறிச்சோறு நிறைந்துபோச்சு என்றுதான் நினைத்தேன்.

கலியமூர்த்தி ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பினார். தலைகீழாகப் பிடித்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"சம்பந்தி, இது எந்த ஊர் சரக்கு?"

"நல்ல ஊர் சரக்குதான் சம்பந்தி."

"நல்ல ஊருக்குப் பேர் கிடையாதா?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மாமரத்தைப் பார்த்தார்.

"மூடியில ஸ்டிக்கர் எங்க?"

"வர்ற வழியில... தண்ணி பட்டு..."

"எல்லா பாட்டில்லயும் தண்ணி பட்டுச்சா? வேன்ல வந்தீங்களா, படகுல வந்தீங்களா?"

அதற்குள் பின்னால் ஒருவர் ஆரம்பித்துவிட்டார், எங்கேயோ பேர் இல்லாத சரக்கு குடித்து ஒரு ஆளுக்குக் கண் போன கதை. எடுத்த டம்ளரை ஒவ்வொருத்தராகக் கீழே வைத்தார்கள். கலியமூர்த்தி எழுந்து நின்றார். "அண்ணன் போய்ட்டான், தம்பிங்களையும் ஒரே செலவுல அனுப்பிடலாம்னு பாத்தீங்களா சம்பந்தி?"

அப்பா நிலைமையை யோசிங்க. பாண்டிச்சேரி சரக்கு என்று சொன்னால் கஞ்சன். சொல்லாவிட்டால் கொலைகாரன். ஊர் ஊருக்கு ஒரே விலையாக இருந்திருந்தால் இந்த நிலைமை வருமா? அதைத்தான் சொல்றேன். சமையல்கட்டு ஜன்னலில் அக்கா முகம் தெரிந்தது. வெளுத்துப் போய் நிற்கிறாள்.

மாமாதான் எழுந்து வந்தார். தங்கம் என்று சொன்னேனில்லையா? தலை மழித்த மொட்டையோடு வந்து ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி, கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். "சித்தப்பா, உக்காருங்க. என் மாமனார் கொண்டாந்தது. நான் குடிக்கிறேன் முதல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு நான் இருந்தா நீங்க குடிங்க." கலியமூர்த்திகூட பாதி உட்கார்ந்துட்டார்.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். பாவமாக இருந்ததுண்ணே எனக்கு. எல்லோர் முகமும் அப்படி இறுகிக் கிடக்குது. ஒரு சிரிப்பு சிரித்தால் எல்லாம் கரைந்துவிடும், எத்தனை தடவை பார்த்திருக்கேன். மாமா டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோகிறார். இவர் எதுக்குக் கஷ்டப்படணும், நாம் இருக்கும்போது, என்று தோன்றியது.

பெரியவர் நடேசன் குரல் எனக்கு அத்துப்படி. லீவுக்குப் போனால் அவர் கட்டில் பக்கம்தான் கிடப்பேன். "என்னைப் பண்ணுடா" என்று அவரே கேட்பார், பண்ணினால் இருமி இருமிச் சிரிப்பார். கனத்த குரல். ஒரு செருமல், அப்புறம் பேச்சு, பேச்சு முடிந்தால் ஒரு "விளங்குதா?"

செருமினேன்.

"டேய் கலியா, என்னடா பாட்டிலை மாட்டைப் பாக்கிற மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாக்கிற? ஊத்துடா. விளங்குதா?"

குரல் சுத்தம்ணே. ஒரு பிசிறு கிடையாது. முதலில் ஒருத்தர் 'ஹக்' என்று சிரித்தார், இன்னொருத்தர் சிரித்தார், மொத்தப் பந்தியும் சிரித்தது. சத்தியமா சிரித்தாங்க. கலியமூர்த்தி உதடுகூடக் கோணியது. அதோடு நான் விட்டிருக்கலாம் என்று அம்மா போனில் சொன்னாள். சரக்குக்குத் தண்ணீர் வேண்டாமா? அவர் எப்போதும் அப்படித்தானே கேட்பார்? ராகத்தோடு முடிக்கணுமில்லையா?

"ஏ புள்ள, தண்ணி கொண்டா!"

பின்கதவு திறந்தது. அத்தை வந்துட்டாங்க. கையில் சொம்பு. வெளியே வரக் கூடாத நாள், எல்லோருக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். புடவை தடுக்குது, தண்ணீர் தளும்பி முழங்கை வரைக்கும் வழியுது, அவசரமா வர்றாங்க. தாமதமா போனா அவர் கத்துவார் இல்லையா. பாய்க்கு நடுவில் வந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாங்க.

"எங்கடா உங்கப்பா? கூப்பிட்டாரே."

மாமா கையில் டம்ளர் அப்படியே இருக்கு. கலியமூர்த்திதான் "அண்ணீ" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துட்டார். அந்தத் தகரக் குரல் எங்கே போச்சு என்று தெரியலை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த அழுகைக்கு ஒரு சுருதி இருக்கு, எனக்கு வரலை. இதுவரை வரலை.

நான் கரும்புக் கொல்லைக்குள் போய்ட்டேன்.

பாட்டிலை எல்லாம் மாமா வாய்க்காலில் கவிழ்த்துவிட்டாராம். வேன் ஏறும்போது சித்தப்பா விம்மி விம்மி அழுதாராம். பெரியவருக்காக அழுகிறார் என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள். என்னைத் தேடிப் பார்த்துவிட்டு அப்பா, "அவன் வந்து சேருவான்" என்று போய்ட்டார். இருட்டுகிற நேரத்துக்கு நான் கொல்லைவிட்டு வந்தேன். மாமா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நாலு அறை விடுவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விடலை. என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம், "காலையில உன் தம்பியைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போ" என்றார். அக்கா, "எப்ப வரட்டும்?" என்றாள். மாமா கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவ ஒன்றுமே இல்லை அந்தக் கையில்.

இப்போ சொல்லுங்கண்ணே. நான் செய்தது என்ன? நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த லேபிள். லேபிளுக்குக் காரணம் விலை. அக்காவிடம் இதைத்தான் பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததும் எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் எழுந்து முன்சீட்டுக்குப் போய்ட்டாள்.

இருங்க. போன். அக்கா போன். மாமாதான் அடிக்கிறார்.

எடுக்காதே என்றாள். அடித்துக்கொண்டே இருக்கே. எடுத்துடறேன், என்னைத் திட்டினால் திட்டிட்டுப் போகட்டும். "மாமா... நான்தான் மாமா..."

பார்த்தீங்கல்ல? போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்தீங்க, அக்கா எழுந்து வந்து பக்கத்தில் நின்றதையும் பார்த்தீங்க. அந்தப் பக்கம் என்ன பேசினாங்க என்று உங்களுக்குக் கேட்டிருக்காது. சொல்லிடறேன், விழுப்புரம் வந்துகிட்டிருக்கு.

மாமா திட்டலை. குரல் கம்மிப் போயிருக்கு. நேற்று அந்தச் சொம்பை வாங்கி வைக்க யாராலும் முடியலையாம். ராத்திரி வாசல் திண்ணையில் முகத்தை மூடிப் படுத்திருந்த எனக்கு இது தெரியாது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டே பின்வாசலில் உட்கார்ந்திருக்காங்களாம். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். "அவர் கேட்டுட்டுப் போய்ட்டார், அவர் குடிக்காம நான் எப்படிக் குடிக்கிறது" என்கிறாங்களாம். கலியமூர்த்தி காலில் விழுந்து பார்த்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்ட்டார். மாமா சொன்னார், "டேய் புவனேஷ், நீ ஒரு தடவை பேசு." புவனேஷ் என்று கூப்பிட்டார்ணே.

போனை அத்தை காதில் வைத்தாங்க போல. மூச்சு மட்டும் கேட்குது. நான், "அத்தே, நான் பிரமிளா தம்பி" என்றேன்.

"நீ இல்லப்பா" என்றாங்க. கோபம் எல்லாம் இல்லை. வாசலில் தப்பான ஆள் வந்து நின்றால் சொல்லுவோமே, அந்த மாதிரி.

அக்கா என்னையே பார்க்கிறாள். காலையிலிருந்து பேசாதவள், "பேசுடா" என்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நீங்களும் பார்த்தீங்க. இத்தனை பேர் பார்க்கிறப்ப எனக்கு வராத குரல் கிடையாது. செருமினேன். ஒன்றும் வரலை. திரும்பச் செருமினேன்.

"ஏ புள்ள. நான் குடிச்சாச்சு. நீ குடி. விளங்குதா?"

சுத்தமா வரலைண்ணே. நடுவில் உடைந்துபோச்சு. நேற்று அவ்வளவு நன்றாக வந்தது. ஆனால் அந்தப் பக்கம் கடகடவென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மாமா அழுகிற சத்தம். அப்புறம் போனை வாங்கி, "பிரமிளாவை அங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லு" என்றார். அக்கா அதைக் கேட்டுவிட்டாள். பையை எடுத்துவிட்டாள், பாருங்க, முகத்தைப் பாருங்க. இப்போ பார்க்கலாம், பரவாயில்லை.

நல்லதுதானே? நல்லதுதான். அக்கா திரும்பிப் போறாள். நானும் வரணுமாம். மாமா சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லலை. ரிசல்ட் வருகிற வரைக்கும்தானா, அதற்கு அப்புறமுமா? தெரியலை. கேட்கவும் வாய் வரலை.

போனை வைக்கிறதுக்கு முன்னால் அத்தை ஒன்று கேட்டாங்க. "சாப்பாட்டுக்கு என்ன ஆக்கட்டும்?" என்று. என்னைக் கேட்கலை, அவரைக் கேட்டாங்க. அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் குரலிலேயே, "கருவாட்டுக் குழம்பு வையி" என்றேன். "சரிங்க" என்றாங்க.

எனக்குக் கருவாடு ஆகாதுண்ணே. வாசனை பட்டாலே குமட்டும்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, இறங்கணும்.